பதினொன்று முதல் பதினொன்றரை வரை

மாடம்மாளுக்கு வேலை கிடையாது. நான் சொல்லவில்லை, அரசாங்கமே எழுதி சீல் வைத்துக் கொடுத்திருக்கிறது. காலை ஏழரைக்கு வீட்டைப் பூட்டிக் கிளம்பி, எட்டு மணிக்கு முன்னால் கழக்கூட்டத்து நெடுஞ்சாலைக்குப் பின்பக்கம் இருக்கும் நீலக் கேட்டைத் திறப்பாள். இரண்டு அறையையும் கூட்டித் துடைத்துப் பாய் விரிப்பாள். இருபத்தைந்து பிள்ளைகளுக்குக் கஞ்சி வைத்து, ஊட்டி, மூக்கைச் சிந்தி, காலைக் கழுவி, தட்டித் தூங்கவைத்து, சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒவ்வொன்றாகப் பெற்றவர்கள் கையில் ஒப்படைப்பாள். மறுபடி கூட்டித் துடைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போவாள். இதற்கெல்லாம் பெயர் வேலை இல்லையாம். சேவையாம்.

கட்டடத்தின் முகப்பில் மலையாளத்தில் நீளமாக ஒரு பெயர் எழுதியிருக்கும். வாசித்து முடிப்பதற்குள் பஸ் போய்விடும் என்பதால் எல்லோரும் கிரஷ் என்றே சொல்வார்கள். வேலைக்குப் போகிற தாய் தகப்பன்மார் தங்கள் பிள்ளையை அரசாங்கச் செலவில் ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம் அங்கே விட்டுவிட்டுப் போகலாம். நல்ல திட்டம்தான், குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஐ.டி. பார்க்கில் கம்ப்யூட்டர் தட்டுகிறவர்கள் பிள்ளை, நர்ஸுகள் பிள்ளை, துணிக்கடைப் பெண்கள் பிள்ளை எல்லாம் ஒரே பாயில்தான் உருளும். பதினோரு மணி வாக்கில் ஏதாவது ஒன்று, அம்மா எப்போ வருவாள் என்று அழ ஆரம்பிக்கும். ஒன்று ஆரம்பித்தால் போதும், மற்றதுக்கெல்லாம் தாயின் ஞாபகம் வந்துவிடும். யார் கேட்டாலும் மாடம்மாளிடம் ஒரே பதில்தான். முந்தானையால் மூக்கைத் துடைத்துவிட்டு, "அஞ்சு மணிக்கு வந்துருவா மக்கா" என்பாள். பிள்ளை பாதி அடங்கிவிடும்.

அவளுக்கும் ஒரு பிள்ளை உண்டு. கௌசல்யா, மூன்று வயசு. வள்ளியூருக்குத் தெற்கே ஒரு ஊரிலிருந்து, கல்யாணமான கையோடு புருஷன் இசக்கியுடன் இந்த மலையாளத்து ஊருக்கு வந்தவள் மாடம்மாள். இசக்கி கட்டடங்களுக்குக் கம்பி கட்டுகிறவன். தாய் கிரஷுக்குப் போகிற நேரமெல்லாம் கௌசல்யா அப்பனோடு சைட்டில் கிடந்தாள், ஜல்லிக்கும் மணலுக்கும் நடுவே. போன ஆடி மாசம், நறுக்கிப் போட்டிருந்த கம்பியின் முனை அவள் புருவத்துக்கு மேலே கிழித்துவிட்டது. நாலு தையல். கொஞ்சம் கீழே இறங்கியிருந்தால் கண் போயிருக்கும் என்றார் டாக்டர். சேதி வந்தபோது மாடம்மாள் கையில் சுமந்த் என்கிற பிள்ளைக்குப் பிசைந்த சோறு இருந்தது. அந்தக் கையைக் கழுவாமலே ஓடினாள். அன்றைக்கே முடிவு செய்தாள், இனி இந்தப் பிள்ளை சைட்டுக்குப் போகக் கூடாது. நீலக் கேட்டுக்குள்ளே ஒரு பாய், அதுதான் அவளுக்கு வேண்டும்.

அதற்கு ஒரு விண்ணப்பம் உண்டு. ஏழாம் கட்டத்தில் தகப்பன் பார்க்கும் வேலை, எட்டாம் கட்டத்தில் தாய் பார்க்கும் வேலை, இரண்டுக்கும் முதலாளியின் கையெழுத்தும் சீலும். சீல் என்றதும் இசக்கியின் கான்டிராக்டர் நழுவிவிட்டான். சீல் வைத்தால் இசக்கி அவன் ஆள் என்று ஆகிவிடும், ஆள் என்றால் இன்ஷூரன்ஸ் எங்கே என்பார்கள், அவனுக்கு எதற்கு அந்தத் தலைவலி? போகட்டும், நமக்கு முதலாளி அரசாங்கம்தானே, அரசாங்கத்திடம் சீலுக்கா பஞ்சம் என்று மாடம்மாள் ஒரு நாள் லீவு சொல்லிவிட்டுப் பழவங்காடிக்கு பஸ் ஏறினாள். அங்கேதான் ஒரு பாத்திரக்கடை மாடியில் திட்ட அலுவலகம் இருந்தது. முதலில், அங்கே போகிற எல்லோரையும் போல, பிள்ளையார் கோயிலில் ஒரு தேங்காய் வாங்கி உடைத்தாள். நன்றாகச் சில்லுச் சில்லாகத் தெறித்தது. காரியம் ஆகிவிடும் என்று தெம்பாக மாடி ஏறினாள்.

மேசைக்குப் பின்னால் இருந்த கிளார்க்கின் பெயர் நெல்லையப்பன். பெயரைக் கேட்டதுமே அவளுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது, நம்ம பக்கத்து ஆள். அவரும் வள்ளியூரில் எந்தப் பக்கம், யார் மகள் என்று அன்பாகத்தான் விசாரித்தார். தேங்காய் நன்றாக உடைந்ததா என்றுகூடக் கேட்டார். பிறகு கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு விண்ணப்பத்தைப் படித்தார். கண்ணாடி மாட்டியதும் ஊர் மறந்துபோயிற்று.

"எட்டாம் கட்டத்துல வேலைன்னு எழுதியிருக்கே. நீ வேலை பாக்கலியேம்மா."

"எட்டு மணிக்குப் போயி அஞ்சு மணி மட்டும் பின்னே நான் என்ன செய்யுதேன் சார்?"

"சேவை."

அவர் பொறுமையாக விளக்கினார். மாடம்மாளின் உத்தரவில் தொழிலாளி என்று இல்லை, சன்னத்த சேவிகா என்று இருக்கிறது. அதாவது, தானாக மனசு வந்து தொண்டு செய்ய வந்தவள். மாசாமாசம் அவள் கைக்கு வருவது சம்பளம் கிடையாது, ஹானரேரியம், மரியாதைக்காகக் கொடுப்பது. மரியாதை எவ்வளவு கொஞ்சமாக இருந்தாலும் மரியாதை மரியாதைதானே? சம்பளம் என்று இவர்கள் ஒரு தடவை வாய் தவறிச் சொல்லிவிட்டால் அவள் நாளைக்கு பி.எஃப். என்பாள், மறுநாள் பென்ஷன் என்பாள். இதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். ஆக அவளுக்கும் வேலை இல்லை, இசக்கிக்கும் சீல் இல்லை. புருஷனும் பெண்சாதியும் சும்மா வீட்டில் இருக்கும்போது பிள்ளைக்கு எதற்கு கிரஷ் என்று கேட்டார். கேட்டுவிட்டு, பெற்றோர் இருவரும் வேலையற்றவர்கள் என்று விண்ணப்பத்தின் மேலே எழுதி அதற்கு ஒரு சீல் வைத்தார். கேட்ட சீல் கிடைத்துவிட்டது பாருங்கள். போகும்போது, மேலே ஒரு மனு போட்டுப் பார்க்கும்படியும் சொல்லி அனுப்பினார். மோசமான மனுஷர் இல்லை.

மனுவை டைப் செய்து அனுப்பியது கிரஷின் டீச்சர் ஸ்நேகா. கோட்டைப் பக்கத்து அக்ரஹாரத்துத் தமிழ்ப் பெண், படித்ததெல்லாம் மலையாளப் பள்ளிக்கூடம், அதனால் அவள் பேச்சு பாதி இங்கே பாதி அங்கே. நாங்கள் செய்வதை வேலை என்று ஒத்துக்கொள்ள வேண்டும் என்று மனுவில் நயமாகவே எழுதியிருந்தாள். பதில் வரக் காணோம். அதற்குள் ஸ்நேகாவுக்கே ஒரு சிக்கல் வந்தது. கிரஷில் எப்போதும் இருபத்தைந்து தலை இருக்க வேண்டும், ஒன்று குறைந்தாலும் சென்டரை வேறு வார்டுக்குத் தூக்கிவிடுவார்கள். இப்போது ஒன்று குறைந்தது. மாளவிகா என்கிற பிள்ளையின் தாய் அனந்தலக்ஷ்மியை, வீட்டிலிருந்தே வேலை பாருங்கள் என்று அவள் கம்பெனி சொல்லிவிட்டது. பிள்ளையும் வீட்டிலேயே இருந்துவிட்டது.

அனந்தலக்ஷ்மிக்கு அந்த சீட்டை விடவும் மனசில்லை. பதினைந்து நாள் வராவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள், அடித்த பெயரை மறுபடி சேர்ப்பது லேசில்லை, நாளைக்கே கம்பெனி திரும்பக் கூப்பிட்டால் என்ன செய்வது? பஸ் நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பார்களே, அப்படி ஒரு துண்டு அவளுக்கு வேண்டியிருந்தது. மூன்று வயசில், ஏறக்குறைய அதே உயரத்தில், கௌசல்யா என்று ஒரு துண்டு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. இலாகா மூன்று மாசமாகத் தீர்க்காததை மூன்று பெண்களும் கேட்டடியில் நின்றபடி ஐந்து நிமிஷத்தில் தீர்த்துவிட்டார்கள். மாளவிகா பெயரில் கௌசல்யா வருவாள்.

"நீ எனக்குப் பெரிய உபகாரம் பண்றே மாடம்மா," என்று அனந்தலக்ஷ்மி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். மாளவிகாவுக்குச் சின்னதாகிப்போன இரண்டு கவுனும் கொடுத்தாள். திங்கட்கிழமை வந்து வாரம் முழுவதற்கும் சேர்த்து ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவாள். மற்ற பெற்றோர்கள் போனைப் பார்த்தபடி வந்து போனைப் பார்த்தபடி போகிறவர்கள், அவர்களால் தொல்லை இல்லை. முகத்தைப் பார்த்து வருகை பதியும் டேப்லெட் ஒன்று அலமாரியில் இருந்தது. டேப்லெட் வந்து பதினைந்து மாசம் ஆகிறது, சார்ஜர் இன்னும் வரவில்லை. அது வராமலே இருக்கட்டும் என்று பழவங்காடிப் பிள்ளையாருக்கு இன்னொரு தேங்காய் நேர்ந்துகொண்டாள் மாடம்மாள்.

பயம் ஒன்றே ஒன்றுதான். பிள்ளை வாயைத் திறந்து அம்மா என்று கூப்பிட்டுவிட்டால்? வீட்டில் வைத்துப் பழக்கினாள். நீலக் கேட்டைத் தாண்டினால் உன் பேர் மாளவிகா, நான் ஆயா. சோறு பொங்கும்போது, தலை பின்னும்போது, தெருவில் நடக்கும்போது திடீரென்று கேட்பாள், கேட்டுக்குள்ளே நான் யாரு என்று. ஆயா என்றால் ஒரு கடலைமிட்டாய். சில நாள் வேண்டுமென்றே கவிழ்க்கப் பார்ப்பாள், இன்னைக்கு மட்டும் அம்மான்னு சொல்லு பாப்போம் என்று. முதல் தடவை பிள்ளை ஏமாந்து சொல்லிவிட்டது, மிட்டாய் கிடைக்கவில்லை. அழுதது. அதற்கப்புறம் ஏமாறவே இல்லை. பத்து நாளில் அத்தனை கெட்டிக்காரியாகிவிட்டது.

கிரஷுக்குள் மாடம்மாள் அதைத் தூக்குவதே இல்லை. மற்ற இருபத்து நாலும் மாறி மாறி அவள் இடுப்பில் ஏறி இறங்கும், இதற்கு மட்டும் கடைசியில், கையெட்டத்தில் உட்காரவைத்துச் சோறு ஊட்டுவாள். தூக்கினால் எங்கே கழுத்தைக் கட்டிக்கொண்டு பழசெல்லாம் ஞாபகம் வந்துவிடுமோ என்று பயம். ஒரு நாள் அது வழுக்கி விழுந்து ஆயா ஆயா என்றே அழுதது. மாடம்மாள் சட்டென்று எழுந்தாள். ஆனாலும் ஓடிப்போய்த் தூக்காமல், மற்றப் பிள்ளையைத் தூக்க எவ்வளவு நேரம் எடுப்பாளோ அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டுதான் போனாள்.

இப்படியிருக்கும்போது, வியாழக்கிழமை ஆபீசர் ஷிஜு இன்ஸ்பெக்ஷனுக்கு வருகிறார் என்று ஆர்டர் வந்தது. ஸ்நேகாவுக்குக் கை கால் ஓடவில்லை. புது ஆள், அதட்டல் சத்தம், பிள்ளை மிரண்டால் தாயிடம்தானே ஓடும்? யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தாள்.

"ஒரு பிள்ளை வாயை மூடறதைவிட எல்லாப் பிள்ளை வாயையும் திறக்கிறது எளுப்பம், கேட்டோ சேச்சி," என்றாள். "இருபத்தஞ்சும் உங்களை அம்மான்னு கூப்பிட்டா எது உங்க பிள்ளைன்னு சாருக்கு எப்படித் தெரியும்?"

கேளுங்கள் கூத்தை. மூன்று நாள் பிஸ்கட்டைக் காட்டிக் காட்டிப் பழக்கினார்கள். இருபத்து நாலு பிள்ளைகளும் மாடம்மாளைக் கண்டால் அம்மா அம்மா என்று பாடம் ஒப்பிக்க ஆரம்பித்தன. எனக்கு ரெண்டு அம்மா என்று சுமந்த் வீட்டில் போய்ச் சொல்லி, அவன் தாய் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வந்தாள். கௌசல்யாவிடமும் மாடம்மாள் சொன்னாள், நாளைக்கு மட்டும் கேட்டுக்குள்ளேயும் அம்மான்னு கூப்பிடலாம் என்று. பிள்ளை தாயை ஏற இறங்கப் பார்த்தது. யாரிடம் இந்தப் பருப்பு வேகும் என்கிற பார்வை. உதட்டை இறுக்கி மூடிக்கொண்டது. சரி, கூட்டத்தோடு கூட்டமாகச் சொல்லிவிடும் என்று மாடம்மாளும் விட்டுவிட்டாள்.

ஷிஜு சார் வந்தார். பிள்ளைகள் மேல் பிரியம் உள்ளவர்தான், போட்டோவில் அடங்கி உட்காருகிற வரைக்கும். ரெஜிஸ்டரைப் பார்த்தார், தலையை எண்ணினார், இருபத்தைந்து சரி. பிறகு மாடம்மாளைக் காட்டி, "இதாரா மக்களே?" என்று கேட்டார். அம்மா என்று கூரை அதிர ஒரு சத்தம் வந்தது. மனுஷர் உருகிவிட்டார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். இத்தனை சென்டர் பார்த்திருக்கிறேன், இப்படி ஒரு மாத்ருஸ்நேகத்தைக் கண்டதில்லை என்று ஸ்நேகாவிடம் சொல்லிக்கொண்டே எழுத ஆரம்பித்தார். கூலிக்கு வேலை செய்கிறவர்களால் இது முடியுமா என்றும் கேட்டார். இரண்டு பெண்களும் முடியாது என்று தலையாட்டினார்கள், வேறென்ன செய்ய?

எழுதிக்கொண்டே வந்தவர் கடைசி வரிசையில் ஒரு பிள்ளை மட்டும் வாயைத் திறக்காமல் இருப்பதைப் பார்த்துவிட்டார். முட்டிபோட்டு அதன் முன்னால் உட்கார்ந்தார்.

"மோளே, இதாரா?"

கௌசல்யா அவரைப் பார்த்தது, மாடம்மாளைப் பார்த்தது. இது எல்லாவற்றையும்விடப் பெரிய பரீட்சை என்று அதற்கு விளங்கிவிட்டது.

"ஆயா," என்றது. சொல்லிவிட்டு மிட்டாய்க்குக் கையை நீட்டியது.

மிட்டாய் மாடம்மாளின் முந்தானை முடிச்சில் இருந்தது. எடுக்க முடியவில்லை. நீட்டின கை நீட்டினபடியே நின்றது. அந்த ஒரு நிமிஷத்தில் அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. ஆனால் ஷிஜு சாருக்கு வேறு மாதிரி விளங்கிற்று. பாருங்கள், இந்தக் குழந்தைக்கு சேவிகா என்றால் தின்னத் தருகிறவள், அவ்வளவுதான் என்று ஸ்நேகாவிடம் வருத்தப்பட்டார். எல்லோருக்கும் கிடைத்த தாயன்பு இந்த ஒன்றுக்கு மட்டும் கிடைக்காமல் போயிருக்கிறது, பட்சபாதம். மாடம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அதோடு விட்டாரா? பிள்ளையின் தாயைக் கூப்பிடு என்றார். சிக்னல் இல்லை என்று ஸ்நேகா சொல்லிப் பார்த்தாள், அவர் தன் போனிலிருந்தே கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார். அனந்தலக்ஷ்மி புத்திசாலி, இன்ஸ்பெக்ஷன் என்றதும் சுதாரித்துக்கொண்டாள். பொய் சொல்லவும் இல்லை. தன் மகளைப் பற்றிக் கேட்டதற்கெல்லாம் மலையாளத்தில் தெளிவாகப் பதில் சொன்னாள். பூனை என்றால் பயம், நெய் விடாமல் சோறு தொண்டையில் இறங்காது, தூங்கும்போது யார் காதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும். ஷிஜு சார் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு மாடம்மாளைத் திருப்பிச் சொல்லச் சொன்னார்.

கௌசல்யா தெருப்பூனையை இடுக்கிக்கொண்டு திரிகிற பிள்ளை. நெய்யைக் கோயில் விளக்கில் மட்டும் பார்த்திருக்கிறது. தூங்கும்போது அது பிடிப்பது மாடம்மாளின் தாலிக்கயிற்றை. மாடம்மாள் கையைக் கட்டிக்கொண்டு நின்று, பூனை என்றால் பயம், நெய் வேணும் என்று ஒப்பித்தாள். காதைச் சொல்ல மறந்துவிட்டாள். தினமும் பார்க்கிற பிள்ளைக்கு என்ன பிடிக்கும் என்றுகூடத் தெரியாதா என்று அவர் கடிந்துகொண்டார். அவளுக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது, அந்த போனைப் பிடுங்கி எறியலாம் போலிருந்தது. பிள்ளையின் புருவத்துத் தழும்பைப் பார்த்தாள். கட்டின கையை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

திங்கட்கிழமைக்குள் உத்தரவு வந்துவிட்டது. இலாகா வேகமாக வேலை செய்யாது என்று யார் சொன்னது? மாளவிகா என்ற குழந்தை தனிக் கவனத்தில் வைக்கப்படுகிறது, ஆகவே எக்காரணம் கொண்டும் பெயரை நீக்கக் கூடாது. அடுத்த பதினைந்து வேலை நாட்களுக்கு, தினமும் பதினொன்று முதல் பதினொன்றரை வரை, சேவிகா மேற்படி குழந்தையை மடியில் வைத்துப் பாசம் காட்ட வேண்டும். காட்டியதற்கு ரெஜிஸ்டரில் கையெழுத்திட வேண்டும். டீச்சர் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும்.

அதே நாள் மாடம்மாளின் போனுக்கு ஒரு மெசேஜும் வந்தது, ஸ்நேகா வாசித்துக் காட்டினாள். மாடம்மாள் போட்ட மனு முடித்துவைக்கப்பட்டது. அவள் செய்வது வேலை இல்லை, கலப்படமில்லாத தாயன்பு என்று நேரடி ஆய்வில் நிரூபணமாகிவிட்டதாம். நெல்லையப்பன் அந்த ஃபைலைக் கட்டிவைத்துவிட்டார். இசக்கியிடம் சொன்னபோது அவன் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றான். பிள்ளைக்குக் கண்ணு பொழச்சுதே, பாயும் கெடச்சுதே, அது போதும் என்றான். அவன் சொல்வதும் சரிதான். அனந்தலக்ஷ்மியின் கம்பெனி கூப்பிடுகிற வரைக்கும் பாய் இருக்கும்.

பதினோரு மணிக்கு மாடம்மாள் சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்தாள். மடியைக் கண்டதும் பழக்கிவிட்ட பிள்ளைகளெல்லாம் அம்மா அம்மா என்று தவழ்ந்து ஏறின. இது ஆர்டர் போட்ட மடி என்று அதுகளுக்கு எப்படித் தெரியும், ஒவ்வொன்றாக இறக்கிவிட்டாள். பிறகு, "மாளவிகா, வா," என்று கூப்பிட்டாள். கௌசல்யா வந்து உட்கார்ந்தது. சாயவில்லை. முதுகு கம்பி மாதிரி நிமிர்ந்திருந்தது. காலையில் இவளே தேய்த்துவிட்ட எண்ணெய் வாசனை பிள்ளையின் தலையிலிருந்து வந்தது. இத்தனை வாரமாக இந்த அறைக்குள் இவ்வளவு கிட்டத்தில் அந்த வாசனை வந்ததில்லை.

இன்னும் கொஞ்சம் ஸ்நேகமாக உட்காரச் சொல்லி ஸ்நேகா ஒரு போட்டோ எடுத்தாள், நெட் கிடைக்கிறதா என்று பார்க்க வெளியே போனாள். மாடம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்த்து, வியாழக்கிழமை கொடுக்காமல் போன கடலைமிட்டாயைப் பிள்ளையின் கையில் வைத்தாள். அது தின்னவில்லை. கையில் வைத்துக்கொண்டு அறையைச் சுற்றிப் பார்த்தது. மூலையில் ஒன்று வழக்கம்போல அழ ஆரம்பித்திருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, திரும்பி, மெதுவாகக் கேட்டது:

"ஆயா, எங்கம்ம எப்ப வருவா?"

மாடம்மாள் வாசலைப் பார்த்தாள், நீலக் கேட்டு சாத்தியிருந்தது. சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று பத்து ஆகியிருந்தது. முந்தானையை எடுத்துப் பிள்ளையின் மூக்கைத் துடைத்தாள்.

"அஞ்சு மணிக்கு வந்துருவா மக்கா."

பிள்ளை பாதி அடங்கி, அவள் மேல் சாய்ந்துகொண்டது.